சென்னையிலிருந்து வன்னிக்குப் பத்து லட்சம்: பயிற்சிக்கா, கருவிக்கா, கடனுக்கா?

வளசரவாக்கத்திலும் போரூரிலும் வாழும் ஈழத்துக் குடும்பங்கள் நாலைந்து ஒன்றுகூடினாலும், இலங்கையின் வடக்கிலுள்ள ஏதாவதொரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சென்னையில் கூட்டம் போட்டாலும், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. பத்து லட்சம் சேர்ந்திருக்கிறது, ஊரில் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள், எதற்குக் கொடுப்பது? தையல் மெஷின் என்பார் ஒருவர். வட்டியில்லாக் கடன் என்பார் இன்னொருவர். ‘கார்மென்ட் ஃபேக்டரிதான் வந்துவிட்டதே’ என்பார் மூன்றாமவர். ‘பேசாமல் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம்’ என்று யாராவது முடித்துவைப்பார்கள். நான்குமே தப்பில்லை. ஆனால் நான்கும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

இன்றைய மாற்று விலையில் பத்து லட்சம் இந்திய ரூபாய் என்பது ஏறத்தாழ 35 லட்சம் இலங்கை ரூபாய். வடக்கின் வன்னிப் பகுதியில் நடக்கும் செலவுக்கான கணக்கெல்லாம் கீழே இலங்கை ரூபாயில்தான் இருக்கும். திட்டமிடுவதற்காகப் போட்ட உத்தேசத் தொகைகள் அவை. அங்கே விலை விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

## யாருக்கு என்பதை முதலில் பிரியுங்கள்

போர் 2009 மே மாதம் முடிந்தது. இன்று இருபது வயதிலிருக்கும் பையன் அப்போது மூன்று நான்கு வயதுக் குழந்தை. போர் அவன் நினைவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அப்பா இல்லை, அல்லது அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. காணி உறுதி (நிலப் பத்திரம்) இடப்பெயர்வில் தொலைந்துபோயிற்று. அம்மாவின் நகை அடகில். வங்கி பிணை கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அவனுக்குப் பயிற்சியில் உட்கார வயதிருக்கிறது, உட்கார்ந்திருக்க வீட்டில் வசதியில்லை.

முப்பதைத் தாண்டியவரின் சிக்கல் வேறு. 2008–09இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்து, படிப்பு பாதியில் அறுந்தவர். கையில் தொழில் இருக்கிறது: மேசன் வேலை, வயரிங், பெயின்ட். சான்றிதழ் இல்லை. மூன்றாமவர் கலைப் பட்டதாரி. அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருப்பவர். நான்காமவர் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமிலிருந்து திரும்பிப் போகிறவர். புழலிலோ கும்மிடிப்பூண்டியிலோ வளர்ந்தவர், ஊர் அவருக்குப் புதிது.

2018, 2019 ஆண்டுகளில் இலங்கையின் மொத்த வேலையின்மை 5 சதவீதத்துக்குள் இருந்தது. 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களிடம் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஒற்றை எண்ணுக்குள்ளும் இப்படிப் பல ரகம் உண்டு. ‘வேலையில்லா இளைஞர்’ என்ற ஒரே பெயரில் எல்லோரையும் போட்டு ஒரே பொருளை வாங்கிக் கொடுத்த இடங்களில்தான் பணம் அதிகம் வீணாகியிருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

1. பணம் கொடுத்து வாங்கப்போகிறவர் யார்? இந்தப் பையன் பற்றவைக்கும் கேட்டை, இந்தப் பெண் தைக்கும் சீருடையை வாங்கப்போகும் கடை, பள்ளி, மேஸ்திரி, நிறுவனம் எது என்று பெயர் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் மற்ற கேள்விகளுக்குப் போகவே வேண்டாம்.
2. முதல் காசு எத்தனை மாதத்தில் வரும்? அதுவரை வீடு எப்படி ஓடும்?
3. ஒருவருக்கு முழுச் செலவு எவ்வளவு? கட்டணம், பஸ், சாப்பாடு, அத்துடன் அந்த நாட்களில் போகாமல் விட்ட கூலி.
4. தோற்றுப்போனால் கடன் யார் தலையில் விழும்?
5. இந்த வழி யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது?

| வழி | முதல் வருமானம் | ஒருவருக்கு உத்தேசச் செலவு | கண்ணுக்குப் படாத செலவு | பொருந்துகிறவர் |
|---|---|---|---|---|
| தொழிற்பயிற்சியும் உதவித்தொகையும் | 6–12 மாதம் | 1.8 லட்சம் | இழந்த கூலி, பஸ் | 18–24 வயது |
| இருக்கும் திறமைக்குச் சான்றிதழ் | சில வாரம் | மிகக் குறைவு | ஆவணம் திரட்டும் அலைச்சல் | 28க்கு மேற்பட்ட தொழிலாளி |
| கருவி, தொழில் முதல் (மானியம்) | 1–6 மாதம் | 1.2–2.5 லட்சம் | மின் இணைப்பு, தீவனம், பழுது | தொழில் தெரிந்தவர் |
| நுண்கடன் | 1–3 மாதம் | திரும்ப வரும் பணம் | வாரத் தவணை, கடன்மேல் கடன் | ஏற்கெனவே விற்பனை உள்ளவர் |
| ஆடைத் தொழிற்சாலை | முதல் மாதமே | பெரிதாக இல்லை | உடல் களைப்பு, பிள்ளை பராமரிப்பு | உடனே சம்பளம் வேண்டியவர் |
| வெளிநாடு | 6–18 மாதம் | வழியைப் பொறுத்தது | ஏஜென்ட், அடகு | சான்றிதழ் கையில் உள்ளவர் |
| சென்னையிலிருந்து ஆர்டர் | முதல் பில் | கணினி, இணையம் | வரி, கை தேறும் காலம் | பட்டதாரி, மாற்றுத்திறனாளி |

## தொழிற்பயிற்சி: கட்டணம் இல்லை, ஆனாலும் இலவசமில்லை

இலங்கையில் தொழிற்பயிற்சிக்கு என்.வி.கியூ. என்ற தேசியத் தரவரிசை உண்டு. ஏழு மட்டங்கள். இவற்றில் நான்காம் மட்டம் முழுத் தொழிலாளி என்பதற்கான அடையாளம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பம், மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றைக் கற்றுத் தருகிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் மாவட்டந்தோறும் உள்ளன. ஆகவே சென்னைப் பணத்தில் புதிதாக ஒரு பயிற்சி நிலையம் கட்டும் யோசனையை முதலிலேயே கைவிடுங்கள். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டலாம், பயிற்றுநர் சம்பளத்தை மூன்றாம் ஆண்டு யார் கொடுப்பது?

குறை இருப்பது வேறிடத்தில். ஆறு மாத வகுப்பு, அதன்பின் ஆறு மாதம்வரை தொழிலிடப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து பஸ், மதியச் சாப்பாடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய். இதே பையன் கூலி வேலைக்குப் போனால் நாளொன்றுக்கு 2,500 என்று வைத்தாலும் மாதம் 20 நாளில் 50,000 கொண்டுவருவான். இரண்டாம் மாதம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, மோட்டார் சைக்கிள் லீசிங் தவணை தவறினாலோ, அவன் வகுப்பை விட்டுவிட்டு வயலுக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுவான். பதிவேட்டில் ‘ஆர்வமில்லை’ என்று எழுதப்படும். ஆர்வம் இல்லாமல் போகவில்லை, 15,000 ரூபாய் இல்லாமல் போயிற்று.

ஒருவருக்கு மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 1.8 லட்சம், முடிக்கும்போது கருவிப் பெட்டிக்கு 1.2 லட்சம், ஆக 3 லட்சம். உங்கள் 35 லட்சத்தில் 11 பேர். எண்ணிக்கை சிறியதாகத் தெரியலாம். நூறு பேருக்குத் தலா 35,000 கொடுத்து நூறு பேரும் பாதியில் நிற்பதைவிட இந்தப் பதினொன்று பெரியது.

இதில் பிசகுவது மூன்று இடங்களில். உதவித்தொகையை மொத்தமாக முதல் மாதமே கொடுப்பது. வருகைப் பதிவைப் பார்த்து மாத முடிவில் கொடுங்கள். தொழிலிடப் பயிற்சிக்கு இடம் பிடிக்காமலே வகுப்பில் சேர்ப்பது. கராஜ், ஒப்பந்தக்காரர், ஹோட்டல் என்று இடத்தை முதலில் பேசுங்கள். மூன்றாவது, பெண்கள் எல்லோரையும் தையலுக்கும் அழகுக்கலைக்கும் தள்ளுவது. ஒரே பிரதேச செயலகப் பிரிவில் ஐம்பது தையல்காரிகள் உருவானால் சட்டைக்கூலி இறங்கத்தான் செய்யும்.

முப்பது வயதுக்காரருக்கு வகுப்பு வேண்டாம். அவருக்கு இருக்கிற திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி என்.வி.கியூ. முறையிலேயே இருக்கிறது. முன்பு வேலை கொடுத்தவர்களின் கடிதம், செய்த வேலையின் படங்கள், பிறகு மதிப்பீட்டாளர் முன் செய்முறை, வாய்மொழிக் கேள்விகள். சுவர் எழுப்பிக் காட்டத் தெரிந்தவருக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. விண்ணப்பம் நிரப்புவதும் அலுவலகத்துக்கு நாலு நடை நடப்பதும்தான் கஷ்டம். படிவம் நிரப்பிக் கூட்டிப்போக ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் ஒரு வருடத்தில் டஜன் கணக்கில் மேசன்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் சான்றிதழ் கிடைக்கும். நமக்குத் தெரிந்தவரை, போட்ட காசுக்கு இவ்வளவு பலன் தரும் வழி வேறில்லை. ஆனால் திறப்பு விழா வைக்க முடியாது என்பதால் இதை யாரும் கேட்பதில்லை.

## கருவியும் முதலும்: நன்கொடையாளருக்குப் பிடித்த வழி, அதிகம் சறுக்கும் வழியும் இதுவே

போருக்குப் பிந்திய இடங்களில் இளைஞருக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று வடக்கு உகாண்டாவில் இருக்கிறது. அங்கே 2008இல் அரசுத் திட்டமொன்று, குழுவாக விண்ணப்பித்த இளைஞர்களுக்கு ஆளுக்குச் சுமார் 380 டாலர் வரும்படி மானியம் கொடுத்தது. தையல், தச்சு போன்ற தொழில்களுக்கு அவர்கள் அதைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செலவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, பணம் பெறாதவர்களைவிட அவர்கள் வருமானம் 38 சதவீதம் அதிகம். ஒன்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி மூடியிருந்தது. பெறாதவர்களும் மெல்ல எழுந்து வந்துவிட்டார்கள். பெற்றவர்களிடம் சொத்து மட்டும் கொஞ்சம் கூடுதல். மானியம் வாழ்க்கையை நிரந்தரமாக மாற்றாது, எழுந்து நிற்கும் நாளை முன்கூட்டி வரவைக்கும். தவணைக் கடனில் மூழ்கும் வீட்டுக்கு அந்த நாலு வருஷம் பெரிய விஷயம்.

ஆனால் பணத்தைப் பொருளாக மாற்றிக் கொடுக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. வெல்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஒன்று, நாலு அங்குல கிரைண்டர், டிரில், முகக்கவசம், கையுறை, கிளாம்புகள். பட்டியல் அழகாக இருக்கும். மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. பல வீடுகளில் இருப்பது 15 ஆம்பியர் ஒற்றை முனை இணைப்பு. 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் ராடில் 80 ஆம்பியர் வைத்து வேலை செய்தால் மெஷின் லைனிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும்; வீட்டில் ஃபேன், பம்ப் எல்லாம் நிறுத்தினால் ஓடும். கேட் சட்டத்துக்கு 3.2 ராட் போட்டு 120 ஆம்பியர் வைத்தால் இழுப்பது 20ஐத் தாண்டும். டிரிப் ஆகும். ஊர்க்கோடி வீடென்றால் மாலையில் வோல்ட்டேஜும் இறங்கும், ராட் ஒட்டிக்கொள்ளும், வெல்டிங் உள்ளே இறங்காமல் மேலே குவியும். வாடிக்கையாளர் கொண்டுபோன கேட் மூன்றே மாதத்தில் பிரியும். பையனுக்குத் தொழில் தெரியாது என்று ஊர் சொல்லும். 30 ஆம்பியர் இணைப்புக்கான கட்டணத்தைக் கருவிப் பட்டியலின் முதல் வரியாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. கிரைண்டர் டிஸ்க், ராட், இரும்பு ஆகியவற்றுக்கு இரண்டு மாத நடைமுறை முதலும் அதில் சேரவேண்டும். மெஷினுக்கு முழுப் பணமும் போய், இரும்பு வாங்கக் காசில்லாமல் மூலையில் கிடக்கும் மெஷின்கள் எத்தனையோ.

கோழி இன்னொரு பொறி. நூறு முட்டைக்கோழிக் குஞ்சு கொடுப்பது மலிவாகத் தெரியும். குஞ்சு முட்டையிட 18 முதல் 20 வாரம். அதுவரை ஒரு கோழி தின்பது ஆறரைக் கிலோ அளவுக்குத் தீவனம். நூறு கோழிக்கு 650 கிலோ. முதல் முட்டை வருமுன் இதை வாங்கித் தரப்போவது யார்? முட்டையிடத் தொடங்கியபின் நாளுக்கு 11 கிலோ. பாதியில் தீவனத்தைக் குறைத்தால் முட்டை தள்ளிப்போகும். பெரும்பாலான குடும்பங்கள் நாலாம் மாதத்தில் கோழியைக் கறிக்கு விற்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது கோழியும் ஐந்து மாதத் தீவனமும் கொடுப்பது, நூறு கோழி மட்டும் கொடுப்பதைவிட மேல்.

கடல் தொழிலுக்குப் படகும் வலையும் கொடுக்க நினைப்பவர்கள் சென்னையில் இருந்துகொண்டு ஒரு உண்மையை முகம்பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். முல்லைத்தீவு முதல் மன்னார்வரை உள்ள சிறு மீனவரின் வலையை அறுப்பதில் தமிழகத்து இழுவைப் படகுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது, படகுகள் வருவது நிற்கவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுக்கும் வலை ஒரே இரவில் போகலாம். கொடுப்பதென்றால் ஒரு செட் வலைக்கான பணத்தைக் கையிருப்பாக மீனவர் சங்கத்தில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த வழி பொருந்துவது தொழில் தெரிந்து, இரவல் கருவியில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு. அவருக்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கிறார். தொழில் தெரியாதவருக்குக் கருவி கொடுத்தால் அது அடகுக்கடைக்குத்தான் போகும்.

## கடன்: கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள்

வடக்கில் ‘நுண்கடன்’ என்ற சொல்லுக்கே ஒரு கசப்பு இருக்கிறது. போருக்குப் பின் பாதை திறந்ததும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. வாரந்தோறும் வீட்டு வாசலில் வசூல். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சத்துக்குட்பட்ட கடன்களை அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தது.

‘24 சதவீதம்தான்’ என்று சொல்லப்படும் தட்டை வட்டி உண்மையில் எவ்வளவு? ஒரு லட்சம் வாங்கி, 1,24,000ஐப் பன்னிரண்டு மாதத் தவணையில் 10,333 வீதம் கட்டினால், குறைந்துவரும் அசலின்மேல் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 42 சதவீதம். வட்டியை விட்டுவிட்டாலும் தவணையின் வேகம் ஆளைக் கொல்லும்: நெல்லுக்குப் போட்ட பணம் அறுவடையில்தான் வரும், தவணையோ அடுத்த வாரமே கேட்கும்.

நீங்கள் வட்டியில்லாமல் கொடுத்தாலும் இந்தப் பொருத்தமின்மை போகாது. விவசாயக் கடனுக்குத் தவணையை காலபோக (மழைக்கால நெல்) அறுவடைக்குப் பின் வையுங்கள். ஏற்கெனவே கடை, தையலகம், பால் விற்பனை நடத்தி, மாதவருமானம் நோட்டில் எழுதிவைத்திருப்பவருக்குக் கொடுங்கள். தொழில் தொடங்கவே கடன் என்றால் வேண்டாம். முதல் தோல்வியைத் தாங்கும் சக்தி அந்த வீட்டில் இல்லை. அதற்கு மானியமே மேல். கிராமத்தின் சிக்கன கடனுதவிச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ ஒழுங்காக நடந்தால், அதன் வழியாகவே கொடுங்கள். சென்னையில் உட்கார்ந்து வசூல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

## தொழிற்சாலை: முதல் மாதமே சம்பளம்

கிளிநொச்சியில் போருக்குப் பின் வந்த பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, வேலை கொடுத்தன. முன்னனுபவம் கேட்பதில்லை. சம்பளச் சீட்டு உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு (பி.எஃப். போன்றது) முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8, அதோடு நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளமும் 2025இல் 17,500இலிருந்து 27,000ஆக உயர்த்தப்பட்டது. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில், அடுத்த மாதம் பத்தாம் தேதி வரும் சம்பளத்துக்கு ஈடில்லை.

மறுபக்கமும் உண்டு. எத்தியோப்பியாவில் ஐந்து தொழிற்சாலைகளில் விண்ணப்பித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, வேலை கிடைத்தவர்களில் மூன்றிலொருவர் முதல் மாதத்திலேயே விலகினார்கள். ஓராண்டில் முக்கால்வாசிப் பேர். வேலையால் உடல்நலமும் கெட்டது. அதே சமயம் 300 டாலரும் சிறு பயிற்சியும் பெற்றவர்களின் வருமானம் ஓராண்டில் மூன்றிலொரு பங்கு கூடியது. ஐந்து ஆண்டில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். தொழிற்சாலை வேலையை ஏழைகள் ஒரு தாங்குகட்டையாக, வேறு வழி கிடைக்கும்வரை பயன்படுத்துகிறார்கள் என்பதே இதில் தெரிவது. அதில் தவறேதும் இல்லை.

இன்னொரு ஆபத்து வெகு தொலைவில் முடிவாகிறது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல்தான் திரும்பப் பெற்றது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பின் அது ஆகஸ்டில் 20ஆக வந்து நின்றது. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு இதெல்லாம் நேரடியாக அடிக்கும்.

இதில் சென்னைப் பணத்துக்கு இடம் தொழிற்சாலைக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் வேலைக்குப் போக முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளையை விட இடமில்லாததுதான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஷிப்ட் தொடங்குவதற்கு முன் திறக்கும் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையம் இருபது தாய்மாருக்கு வேலையைத் திறந்துவிடும்.

## வெளிநாடும் அரசு வேலையும்

பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். போகாதே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வேறுபாடு வழியில் இருக்கிறது. கொரியாவுக்கு அரசுகளுக்கிடையிலான ஏற்பாடு உண்டு: மொழித் தேர்வு, பிறகு தெரிவு, ஏஜென்ட்டுக்கு இடமில்லை. நீங்கள் உதவ விரும்பினால் அந்த மொழி வகுப்புக்கு உதவுங்கள். சுற்றுலா விசாவில் ‘டேட்டா என்ட்ரி வேலை’ என்று தாய்லாந்து வழியாகக் கூட்டிப்போகப்பட்டவர்கள் மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அவர்களில் இலங்கையரும் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஏஜென்சியின் உரிமமும் அந்த வேலைக்கான அனுமதியும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் தரவேண்டாம். என்.வி.கியூ. நான்கு கையிலிருந்தால் அதே வளைகுடாவில் கூலியாளாகப் போகாமல் எலக்ட்ரீஷியனாகப் போகலாம்.

அரசு வேலைக்காகக் காத்திருப்பதும் ஒரு தேர்வுதான், விலை அதிகமான தேர்வு. 2017இல் யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகள் 20,000 ரூபாய் பயிற்சிப் படியில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டில் நாடு கடன்கட்ட முடியாமல் நின்றது, ஆள்சேர்ப்பும் சுருங்கியது. காத்திருக்கும் பட்டதாரிக்குச் சிங்களம், ஆங்கிலம், கணக்கியல் மென்பொருள் என்ற மூன்றுக்கும் பணம் கட்டுங்கள். அரசு வேலை வந்தாலும் சிங்களம் கட்டாயம் வேண்டும், வராவிட்டாலும் மூன்றும் சோறுபோடும்.

கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாதச் சம்பளம் கொடுத்த பெரிய வேலை. நிலம் துப்புரவானதும் அந்த வேலை தானாகவே முடியும், முடியவேண்டிய வேலையும்கூட. அதிலிருந்து வெளிவருகிறவர்களுக்கு ஒழுங்கும் நுணுக்கமும் கைவந்திருக்கிறது. தொழில் முதல் கொடுக்க ஆள் தேடுகிறவர்கள் முதலில் இவர்களைப் பாருங்கள்.

## சென்னை தரக்கூடிய இன்னொன்று: ஆர்டர்

பணத்தை எங்கிருந்தும் அனுப்பலாம். தமிழில் செய்யக்கூடிய வேலையை அனுப்புவது சென்னையால் மட்டும்தான் முடியும். மெய்ப்புத் திருத்தம், பழைய நூல்களைத் தட்டச்சு செய்வது, வீடியோவுக்குத் தமிழ் வசனவரி, பாடப்புத்தகச் செயலிகளைச் சோதிப்பது, ஆட்டோகேட் வரைபடம், கணக்குப் பதிவு. யாழ்ப்பாணத்தில் கணினித் தொழில் பத்தாண்டுக்கு மேலாக வளர்ந்துவருகிறது. கிளிநொச்சியில் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. காலை இழந்த ஒருவருக்கு வன்னியில் கண்ணியமான வேலை வேறு எது?

முதல் மூன்று மாதம் வேலை சுமாராகத்தான் வரும். திருத்திக் கொடுக்க உங்கள் பக்கத்தில் ஒருவர் நேரம் ஒதுக்கவேண்டும். அந்த நேரம்தான் இதன் உண்மையான செலவு. பணம் வங்கி வழியாகவே போகட்டும். பேபாலில் பணம் பெறும் வசதி இலங்கையில் நெடுங்காலமாக இல்லாததால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். உங்களுடையது ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் என்றால் வெளிநாட்டுச் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குகிறவரே வரி கட்டுவது) உண்டு, வருமான வரிப் படிவங்களும் உண்டு. விலை பேசுமுன் ஆடிட்டரிடம் கேளுங்கள். கூலியை ‘உதவி’ என்று குறைக்காதீர்கள். சென்னையில் ஒரு பக்கத்துக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள்.

## முகாமிலிருந்து திரும்புகிறவருக்கு

புழலிலிருந்து திரும்புகிறவர் பலர் பெயின்ட் வேலை தெரிந்தவர்கள். சிலர் பொறியியல் பட்டதாரிகள். இவர்களுக்கு வேலைக்கு முன் காகிதம் வேண்டும். இந்தியாவில் பிறந்தவர் என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமை பெறாமல் அங்கே அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கோ என்.வி.கியூ. பதிவோ நகராது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இங்கிருந்து கிளம்புமுன் வாங்கிச் சான்றொப்பம் பெறுங்கள். போனபின் ஒரு தாளுக்காக விமானமேறி வரவேண்டியிருக்கும். பெயின்டரென்றால் சென்னை ஒப்பந்தக்காரரிடம் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். திறமைச் சோதனையில் அதுதான் முதல் தாள்.

## பணம் போகும் வழி

தனிநபராக அனுப்பினால் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடங்கும். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் இந்திய ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீத வரியை வங்கி பிடித்துக்கொள்ளும். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் வரும்வரை முடங்கும். பத்துப் பேர் சேர்ந்த பணத்தை ஒருவர் கணக்கில் குவித்து அனுப்பாமல் ஆளாளுக்குத் தனித்தனியே அனுப்புவது இதனால் நல்லது.

அறக்கட்டளையாக இருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்கு இல்லை. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவிட முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு விலக்குப் போய்விடும். அவசரத்தில் இதை மறந்தவர்கள் பிறகு நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள்.

அங்கே பணத்தைக் கையாள இருவர் கையெழுத்து வையுங்கள். ஒருவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ வரட்டும், மற்றவர் பயன்பெறும் குடும்பங்களில் ஒருவர். கருவிக்கான பில்லை அமைப்பின் பெயரில் போடாமல் அந்த இளைஞரின் பெயரில் போடச் சொல்லுங்கள். மெஷின் பழுதானால் உத்தரவாதத்துக்கு அவர்தான் கடைக்குப் போகவேண்டும். நாளை விற்றுவிட்டுப் பெரியது வாங்கவேண்டுமென்றாலும் அது அவர் பொருளாக இருக்கவேண்டும். அனுப்பும் மாதத்தையும் கவனியுங்கள். காலபோக விதைப்பும் அதை ஒட்டிய மாரி மழையும் அக்டோபரில் தொடங்கிவிடும். அப்போது பயிற்சிக்கு ஆள் சேர்த்தால் பாதிப்பேர் வயலில் இருப்பார்கள். அறுவடை முடிந்தபின், மார்ச் ஏப்ரலில் தொடங்கும் வகுப்புக்கே பெயர் கொடுங்கள்.